கோர்ட் உத்தரவை மீறலாகாது, மாற்றலாம்

(கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் நடைபெற்ற உறுப்பினர் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கூட்டங்களில் ஜாதகம், வரன், உபநயனம், முதியோர் நலம் என்று பல விஷயங்கள் பேசப்படுகின்றன. விவாகரத்து பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. நம் ஆத்தில் அதெல்லாம் நடக்காது என்று இருந்த காலம் போய்விட்டது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். விவாகரத்து சரியா, தவறா என்று பேச நான் வரவில்லை. அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும், மற்றவர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பார்க்கலாம் என்று கோர்ட் ஓர் உத்தரவு போடுகிறது. அந்த உத்தரவு வந்த பிறகு என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும் என்பதுதான் என் விஷயம். குடும்பக் கோர்ட்டில் வக்கீலாக இருப்பதால், முதல் வழக்கைவிட இந்த இரண்டாவது கட்டத்தில்தான் குழந்தைகள் அதிகம் அவஸ்தைப்படுவதைப் பார்க்கிறேன்.

இந்த ஊரில் இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு இங்குள்ள பெரும்பாலோருக்கு வேலை என்றால் பெங்களூர்தான். மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி, சாம்பியன், ஊரிகம், கோரமண்டல், பங்காருபேட்டை வழியாக ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போய், இரவில் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பெரியவர்கள் இங்கே, பிள்ளைகள் பெங்களூரில், சென்னையில், வெளிநாட்டில் என்று குடும்பங்கள் சிதறிவிட்டன. இப்படிப்பட்ட குடும்பத்தில் தம்பதி பிரிந்தால், வேலைக்குப் போகும் பெண் குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுப் போவது சகஜம்.

கோர்ட் உத்தரவோ இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவள் பெங்களூரில் இருந்தபோது எழுதப்பட்டது. "ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை 10 மணிக்குக் குழந்தையை பெங்களூர் குடும்பக் கோர்ட் வளாகத்துக்கு அழைத்து வர வேண்டும்" என்று அதில் இருக்கிறது. இப்போது 8 வயதுக் குழந்தை சனிக்கிழமைதோறும் இருட்டில் எழுந்து ரயில் ஏற வேண்டும். பள்ளியில் அன்று அரை நாள் வகுப்பு வேறு. இரண்டு மாதம் ஒழுங்காகப் போவார்கள். மூன்றாவது மாதம் குழந்தைக்கு ஜுரம் என்று சொல்வார்கள். அடுத்து பரீட்சை. அதற்கடுத்து போனே எடுக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் தகப்பனார், "பிள்ளையைக் கண்ணில் காட்டாதவர்களுக்கு நான் ஏன் பணம் அனுப்ப வேண்டும்?" என்று மாதாந்திரப் பணத்தை நிறுத்திவிடுவார். ஆறு மாதத்தில் இரண்டு பேருமே கோர்ட் உத்தரவை மீறியவர்கள் ஆகிவிடுகிறார்கள். இருவரிடமும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் கோர்ட்டுக்குப் போய் அந்த நியாயத்தைச் சொல்ல வேண்டிய நேரத்தில் இருவரும் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தை விஷயத்தில் நமக்குப் பொருந்தும் சட்டங்கள் முக்கியமாக மூன்று. 1890ஆம் வருஷத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம், 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, 1956ஆம் வருஷத்து இந்து மைனர் மற்றும் கார்டியன்ஷிப் சட்டம். 1956 சட்டத்தின் 6ஆவது பிரிவு, 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. 13ஆவது பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றிலும் மேலானது என்கிறது.

"தகப்பனார்தானே கார்டியன், அவருக்கு அப்புறம்தானே தாய்?" என்று இன்றும் கேட்கிறார்கள். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது ரிசர்வ் வங்கி அதைத் திருப்பி அனுப்பியது. அந்த வழக்கில் 1999ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட், "அவருக்குப் பிறகு" என்பதற்கு "அவர் காலமான பிறகு" என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது, தகப்பனார் அந்தப் பொறுப்பில் இல்லாத நிலையில் தாயே கார்டியன் என்று விளக்கிவிட்டது. ஆகவே யாருக்கு உரிமை அதிகம் என்று வாதாடுவதால் பெரிய பிரயோஜனம் இல்லை. குழந்தைக்கு எது நல்லது என்பதுதான் கோர்ட்டில் எடுபடும்.

உத்தரவை மீறினால்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். உத்தரவு கையில் இருக்கிறது, மறுதரப்பு குழந்தையைக் காட்டவில்லை. என்ன செய்வது?

முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன். பள்ளிக்கூட வாசலில் நின்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. பணத்தை நிறுத்தக் கூடாது. குழந்தையின் செலவுக்கான பணமும் குழந்தையைப் பார்க்கும் உரிமையும் ஒன்றுக்கொன்று பண்டமாற்று அல்ல. பணம் நின்றால் மறுதரப்பு தனியாக மனுப் போட்டு வசூலிக்கலாம். ஜீவனாம்ச உத்தரவை மீறினால் நிலுவையில் உள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்க மாஜிஸ்டிரேட்டுக்கு அதிகாரம் உண்டு. பழைய 125ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144ஆவது பிரிவாக வந்திருக்கிறது. எண் மாறியதே தவிர விஷயம் மாறவில்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் உடனே ஓட வேண்டாம். இது கோர்ட் விஷயம், அங்கேயே போங்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். தேவைப்பட்டால் போலீஸ் உதவியுடன் குழந்தையை ஒப்படைக்கும்படி கோர்ட்டே உத்தரவிட முடியும்.

செய்ய வேண்டியது என்ன? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எங்கே போய் நின்றீர்கள், யார் என்ன சொன்னார்கள் என்று அன்றன்றே எழுதுங்கள். ரயில் டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். மறுதரப்புக்கு அனுப்பும் செய்தி மரியாதையாக இருக்கட்டும், ஏனென்றால் அதை ஒருநாள் ஜட்ஜ் படிப்பார். ஓரிரு தடவை தவறினால், தவறிய நாளுக்கு மாற்று நாள் கேட்டு எழுதுங்கள். தொடர்ந்து தவறினால், உத்தரவு போட்ட கோர்ட்டிலேயே நிறைவேற்று மனுப் போடுங்கள்.

1984ஆம் வருஷத்துக் குடும்பக் கோர்ட் சட்டத்தின் 18ஆவது பிரிவுப்படி, குடும்பக் கோர்ட் உத்தரவை மற்ற சிவில் கோர்ட் டிகிரியைப் போலவே நிறைவேற்றலாம். அதாவது சொத்தை ஜப்தி செய்யலாம், சிவில் சிறையில் வைக்கலாம். தடையுத்தரவை மீறியவரை 3 மாதம் வரை சிவில் சிறையில் வைக்க சிவில் நடைமுறைச் சட்டத்தின் 39ஆவது ஆர்டரில் இடம் இருக்கிறது. வேண்டுமென்றே மீறினால் 1971ஆம் வருஷத்துக் கோர்ட் அவமதிப்புச் சட்டத்தின்கீழ் 6 மாதம் வரை சிறையோ, 2000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மீறல் நடந்த ஒரு வருஷத்துக்குள் அந்த நடவடிக்கையைத் தொடங்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

1890 சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. குழந்தையைக் கொண்டுவந்து காட்டு என்று கோர்ட் சொல்லியும் காட்டாதவருக்கு 100 ரூபாய் வரை அபராதம். அப்புறமும் காட்டாவிட்டால் நாளொன்றுக்கு 10 ரூபாய் வரை, மொத்தம் 500 ரூபாய்க்கு மேற்படாமல். இன்றைக்கு இதைக் கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் அதே 45ஆவது பிரிவில், குழந்தையைக் காட்டுகிறேன் என்று ஒப்புக்கொள்ளும் வரை சிவில் சிறை என்றும் இருக்கிறது. அதைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

தண்டனை இவ்வளவு இருந்தும் நான் அதைக் கடைசியாகத்தான் கேட்கச் சொல்வேன். தாயைச் சிறைக்கு அனுப்பிவிட்டு ஒரு தகப்பனார் அந்தக் குழந்தையோடு சந்தோஷமாக ஞாயிற்றுக்கிழமை கழிக்க முடியுமா? நிறைவேற்று மனுவிலேயே, தவறிய நாட்களுக்கு ஈடாகக் கோடை விடுமுறையில் கூடுதல் நாட்கள் கேளுங்கள். சந்திக்கும் இடத்தை மாற்றக் கேளுங்கள். மத்தியஸ்தத்துக்கு அனுப்பும்படி கேளுங்கள். பெங்களூரில் நியாய தேகுல கட்டடத்தில் மத்தியஸ்த மையம் 2007 முதல் இயங்கி வருகிறது. அங்கே பேசித் தீர்ந்த விஷயங்கள் பல.

நிலைமை மாறினால்

இனி மறுபக்கம். உத்தரவுப்படி நடக்க நிஜமாகவே முடியவில்லை என்றால்? "கோர்ட் போட்டாச்சு, இனிமேல் ஒண்ணும் பண்ண முடியாது" என்று நம் ஜனங்கள் நினைக்கிறார்கள். பரஸ்பர சம்மதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இன்னும் உறுதியாக அப்படி நினைக்கிறார்கள். அது சரியல்ல.

1973ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டில் ரோஸி ஜேக்கப் வழக்கு முடிவானது. நம் சென்னை ஹைகோர்ட்டிலிருந்து போன வழக்கு அது. குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்ல, விளையாட்டுப் பொம்மைகளும் அல்ல என்று கோர்ட் சொன்னது. இரு தரப்பும் சம்மதித்துப் பெற்ற உத்தரவாக இருந்தாலும், குழந்தையின் நலன் கேட்டால் அதை மாற்றலாம் என்றும் அதில் சொல்லப்பட்டது. இந்து திருமணச் சட்டத்தின் 26ஆவது பிரிவும், டிகிரி ஆன பிறகும் மனுவின் பேரில் உத்தரவை மாற்றவும், நிறுத்திவைக்கவும், ரத்து செய்யவும் கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது.

ஆனால் மனம் மாறியது என்பதற்காக மாற்ற மாட்டார்கள். சூழ்நிலை மாறியிருக்க வேண்டும், அந்த மாற்றம் குழந்தைக்கு நல்லது என்று நிரூபிக்க வேண்டும். இதை 1997 முடிவில் வந்த தன்வந்தி ஜோஷி வழக்கில் தெளிவாகச் சொன்னார்கள். வேலை மாற்றம், ஊர் மாற்றம், பள்ளி மாற்றம், உடல்நலம், மறுமணம், குழந்தை வளர்ந்துவிட்டது என்பவை பொதுவாக வரும் காரணங்கள். 3 வயதில் 2 மணி நேரம் என்று எழுதியது 10 வயதில் பொருந்தாது. அப்போது தகப்பனார் வீட்டில் இரண்டு நாள் தங்கும்படி கேட்பதில் தவறே இல்லை.

2010ஆம் வருஷம் ஒரு வழக்கு. சம்மதத்தின் பேரில் விவாகரத்து ஆன தாய்க்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. பையனை அழைத்துப் போக அனுமதி கேட்டு மனுப் போட்டார். தகப்பனார் எதிர்த்தார். சுப்ரீம் கோர்ட் பையனையும் கேட்டு, தாயுடன் போக அனுமதித்தது. தகப்பனார் விடுமுறையில் பார்க்கவும் வழி வைத்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்தத் தாய் முதலில் மனுப் போட்டார், பிறகுதான் விமானம் ஏறுவதைப் பற்றிப் பேசினார் என்பதுதான்.

குழந்தை "நான் வர மாட்டேன்" என்று சொன்னால்? விவரம் தெரிந்த வயதில் குழந்தையின் விருப்பத்தைக் கோர்ட் கேட்கும், 1890 சட்டத்தின் 17ஆவது பிரிவே அப்படிச் சொல்கிறது. ஆனால் அது குழந்தையின் பேச்சா, பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த பேச்சா என்றும் பார்க்கும். ஒரு பெற்றோர் மீது குழந்தையின் மனத்தை மற்றவர் திருப்பிவிடும் அபாயத்தை 2017ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில் விரிவாகவே எடுத்துச் சொன்னது. குழந்தை நிஜமாகவே மறுத்தால் அதையும் மனுவாக எழுதிக் கோர்ட்டிடம் சொல்லுங்கள். நீங்களே தீர்ப்பு சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.

மேலே சொன்ன சனிக்கிழமை உத்தரவுக்கு வருவோம். அந்தப் பெண் செய்திருக்க வேண்டியது ஒரு சாதாரண மனு. குழந்தை இப்போது தங்கவயலில் படிக்கிறது, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தகப்பனார் இங்கே வந்து பார்க்கட்டும், கோடையில் 15 நாள் பெங்களூரில் அவருடன் இருக்கட்டும் என்று கேட்டிருந்தால், எந்த ஜட்ஜும் காது கொடுத்துக் கேட்டிருப்பார். வக்கீல் வைக்க வசதி இல்லை என்ற கவலையும் வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள்.

உத்தரவில் என்னென்ன இருக்க வேண்டும்?

பாதித் தகராறு உத்தரவு சரியாக எழுதப்படாததால் வருகிறது. எழுதும்போதே இவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

நேரம், இடம், யார் கொண்டுவந்து விடுவது, யார் திரும்ப அழைத்துப் போவது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று நாள் எது. பள்ளி மார்க் ஷீட், டாக்டர் சீட்டு இரு தரப்புக்கும் கிடைப்பது. பாஸ்போர்ட் யாரிடம் இருப்பது. வெளியூரில் இருப்பவர் வீடியோவில் பேச என்றைக்கு, இந்திய நேரம் எத்தனை மணிக்கு. நேரில் பார்க்க முடியாதவருக்குப் போன், வீடியோ மூலமாவது தொடர்பு இருக்க வேண்டும் என்று 2020ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

விடுமுறையை "தசரா லீவ்" என்று பொதுவாக எழுதாதீர்கள். கர்நாடகத்தில் தசரா விடுமுறை விடும் நேரமும் தமிழ்நாட்டில் காலாண்டு விடுமுறை விடும் நேரமும் வேறு வேறு. குழந்தை படிக்கும் பள்ளியின் காலண்டர்படி என்று எழுதுங்கள்.

நம் ஆத்து விசேஷங்களையும் கேட்கலாம். தீபாவளி ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே என்று முறை வைக்கலாம். பையனுக்குப் பூணல் போடுவது பெரிய பிரச்சினை. பிரும்மோபதேசம் யார் செய்வது, பெற்றோர் இருவரும் மணையில் உட்காருவார்களா, எந்த ஊரில், யார் செலவு என்று கடைசி வாரத்தில் சண்டை போட்டு, முகூர்த்தமே தவறிய குடும்பம் எனக்குத் தெரியும். முன்கூட்டியே எழுதி வாங்கிவிட்டால் அந்தச் சங்கடம் இல்லை. அந்தப் பக்கத்துத் தாத்தாவுக்குச் சதாபிஷேகம், பேரன் வர வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்பே அந்த ஒரு நாளுக்கு மனுப் போடுங்கள். முதல் நாள் சாயங்காலம் போன் செய்து கேட்டால் கிடைக்காது.

கடல் கடந்தால்

இந்த உரையைப் பத்திரிகையில் படிக்கும் உறுப்பினர்கள் பலரின் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். அவர்களுக்காக இரண்டு வழக்குகள்.

ஒன்று, வி. ரவிச்சந்திரன் வழக்கு. நியூயார்க் குடும்பக் கோர்ட்டில் 2007 ஜூனில் இருவரும் சம்மதித்து உத்தரவு பெற்றார்கள். பையனின் பொறுப்பு இருவருக்கும் சேர்ந்தது. அதே மாதம் தாய் பையனை இந்தியாவுக்கு அழைத்து வந்துவிட்டார். தகப்பனார் சுப்ரீம் கோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். இரண்டு வருஷம் தேடியும் கிடைக்காமல் கடைசியில் சி.பி.ஐ. 2009 அக்டோபரில் சென்னையில் கண்டுபிடித்தது. 2009 நவம்பர் 17ஆம் தேதி, பையனை அமெரிக்கா அழைத்துப் போகும்படி சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அந்த இரண்டு வருஷமும் அந்தச் சிறுவன் ஓர் இடத்தில் நிலையாகப் படிக்க முடியவில்லை. அந்தப் படிப்பை எந்தக் கோர்ட் திருப்பிக் கொடுக்கும்?

இன்னொன்று கான்சாக்ரா வழக்கு. 2020ஆம் வருஷம் பையனைக் கென்யாவுக்கு அழைத்துப் போகத் தகப்பனாருக்கு சுப்ரீம் கோர்ட் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. அவர் நிபந்தனைகளை மீறியதும் 2021ல் அந்த உத்தரவையே திரும்பப் பெற்றது. 2022ல் கோர்ட் அவமதிப்புக்காகச் சிறைத் தண்டனையும் விதித்தது. ஜெயித்த வழக்கை மீறுவதால் தோற்றவர் அவர்.

எல்லா வழக்கும் குழந்தையைத் திருப்பி அனுப்புவதில் முடிவதில்லை. கோயம்புத்தூருக்கு வந்த இரண்டு பெண் குழந்தைகள் பற்றிய சூர்யவதனன் வழக்கில், 2015ல் சுப்ரீம் கோர்ட் இங்கிலாந்துக் கோர்ட் முதலில் போட்ட உத்தரவுக்கு அதிக மதிப்புக் கொடுத்தது. 2017ல் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. வெளிநாட்டு உத்தரவு கவனிக்க வேண்டிய பல விஷயங்களில் ஒன்றுதான், குழந்தையின் நலனே முடிவு செய்யும் என்றார்கள். 1980ஆம் வருஷத்து ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. ஆகவே இங்கே வந்துவிட்டால் எல்லாம் நம் கையில் என்று நம்பி வருகிறவர்களும் ஏமாறலாம், அங்கே உத்தரவு இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களும் ஏமாறலாம். கிளம்புவதற்கு முன் அந்த ஊர்க் கோர்ட்டில் அனுமதி வாங்குவது ஒன்றே பாதுகாப்பு.

தாத்தா பாட்டிகளுக்கு

கடைசியாக, முன் வரிசையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உத்தரவு உங்கள் பெண் மீதோ பிள்ளை மீதோ இருக்கலாம். குழந்தை இருப்பது உங்கள் ஆத்தில். கதவைத் திறப்பதும் மூடுவதும் நீங்கள்தான். உத்தரவு இருப்பது தெரிந்தே அதை மீறத் துணை போகிறவர்களையும் கோர்ட் கேள்வி கேட்க முடியும்.

ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். "வக்கீல் சார், ஞாயித்துக்கிழமை அவர் வாசல்ல வந்து நிக்கறார். மாப்பிள்ளைன்னு கூப்பிட வாய் வரலை. உள்ளே வாங்கோன்னு சொல்லணுமா?"

"மாமா, என்ன வேணா கூப்பிடுங்கோ. குழந்தைக்கு அவர் அப்பா. உள்ளே கூப்பிட்டு ஒரு டம்ளர் காபி கொடுங்கோ" என்றேன்.

"மாமி ஒத்துக்க மாட்டாளே!"

"அப்போ நீங்களே போட்டுக் கொடுங்கோ."

அவர் சிரித்துவிட்டார். காபி கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குடும்பத்திலிருந்து அதன் பிறகு நிறைவேற்று மனு எதுவும் வரவில்லை.

உங்கள் பெண்ணுக்கு அவர் செய்தது அநியாயமாகவே இருக்கட்டும். அதற்கான தீர்ப்பு வேறு வழக்கில் ஆகிவிட்டது. குழந்தையின் காதில் அதை மறுபடி மறுபடி போடாதீர்கள். 18 வயது ஆனதும் இந்த உத்தரவுகள் எல்லாம் காலாவதி ஆகிவிடும். அதன் பிறகு யாரைப் பார்ப்பது, யார் வீட்டுக்குப் போவது என்று குழந்தையே முடிவு செய்யும். அன்றைக்கு அது இரண்டு வீட்டு வாசலையும் தயக்கமில்லாமல் மிதிக்க வேண்டும் என்றால், இன்றைக்கு நாம் உத்தரவை மதிக்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் கோர்ட்டில் மனுப் போட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.